கன்சாஸ் பல்கலைக்கழகம், லாரன்ஸ்: ஒரு நாள்தான் இருக்குங்க, எதைப் பார்க்கலாம்?

கொல்லம்பாளையத்தான் (இழை தொடங்கியவர்)

வணக்கமுங்க. பையனுக்குக் கன்சாஸ் பல்கலைக்கழகத்துல மேல்படிப்புக்கு இடம் கிடைச்சிருக்குது. ஆகஸ்ட் மூணாவது வாரம் கொண்டு போய் விட நானும் கூடப் போறேன். ஊர் பேரு லாரன்ஸ். அரிசி, குக்கர், மெத்தைன்னு எல்லாம் வாங்கிப் போட்டதுக்கப்புறம் எனக்குன்னு ஒரே ஒரு முழு நாள் மிஞ்சுதுங்க.

அங்க என்னடா பார்க்கறதுன்னு பையனைக் கேட்டா, "அப்பா, அந்த ஊர்ல கூடைப்பந்துதான் எல்லாமே"ங்கறான். ஆட்டம் எப்பன்னு கேட்டா நவம்பர்ல தான் ஆரம்பமாம். ஆட்டமே இல்லாத அரங்கத்தைப் போய்ப் பார்த்து நான் என்ன பண்றதுங்க? எனக்குத் தெரிஞ்ச கூடைப்பந்து, எங்க பள்ளிக்கூட மைதானத்துல வலை பிஞ்சு போய் நின்ன வளையம் ஒண்ணுதான். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

மணியடிச்சான்

வாங்கண்ணே, பையனுக்கு வாழ்த்துகள். அந்த மேட்டுல ரெண்டு வருஷம் குப்பை கொட்டினவன்ங்கிற உரிமையில சொல்றேன். ஒரு நாள் போதும், ஆனா விடிகாலையிலயே கிளம்பிடுங்க. ஆகஸ்ட் வெயில் நம்ம ஊருக்குச் சளைச்சது இல்லை, மேல புழுக்கம் வேற.

கன்சாஸ்னா தட்டைப் பூமின்னு நினைச்சுத்தான் எல்லாரும் வருவாங்க. இந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறது ஒரு நீளமான கரட்டு மேல. மவுண்ட் ஓரியாட்னு பேரு. மவுண்ட்டுன்னதும் பெருசா நினைச்சிடாதீங்க, உங்க சென்னிமலைக்கு முன்னால அது கைக்குழந்தை. வடக்கே கன்சாஸ் ஆறு, தெற்கே வாகருசா ஆறு, நடுவுல மாட்டு முதுகு மாதிரி இந்தக் கரடு. முதுகு மேலயே ஓடுற தெரு ஜேஹாக் பூல்வார்டு. அதுல ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தாலே பாதி வளாகம் முடிஞ்சது.

வழியில இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் வரும். உள்ளே கோமான்ச்சின்னு ஒரு குதிரை, கண்ணாடிப் பெட்டிக்குள்ள பாடம் பண்ணி நிறுத்தியிருக்காங்க. 1876ல லிட்டில் பிக்ஹார்ன் போர்ல அமெரிக்க ராணுவத் தளபதி கஸ்டரோட படை மொத்தமா அழிஞ்சப்ப உயிரோட கிடைச்ச குதிரை. அது செத்தது 1891 நவம்பர். அதே வருஷம் டிசம்பர்ல தான் கூடைப்பந்தே பொறந்தது. ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ஆனா எனக்கு இப்படி முடிச்சுப் போட்டுத்தான் தேதி ஞாபகம் இருக்கும்.

அப்புறம் வடக்குச் சரிவுல கேம்பனீல் மணிக்கோபுரம். 120 அடி. ரெண்டாம் உலகப் போர்ல செத்துப்போன இந்தப் பல்கலைக்கழகத்து ஆளுங்க நினைவா 1951ல திறந்தது, உள்ளே 53 மணி. கால் மணிக்கொரு தடவை அடிக்கும். என் பேருக்குக் காரணம் அதுதான், பரீட்சை ஹால்ல அந்தச் சத்தம் கேட்டா வயித்தைக் கலக்கும்.

ஒண்ணு மறக்காதீங்க. அந்தக் கோபுரத்துக்கு அடியில நீங்க நடக்கலாம். பையன் நடக்கக் கூடாது. காரணம் அவன்கிட்டயே கேளுங்க, இல்லைன்னா அப்புறமா சொல்றேன்.

எல்லாம் முடிச்சுத் தெற்கே இறங்கினா ஆலன் ஃபீல்ட்ஹவுஸ். ஆட்டம் இல்லைன்னாலும் போங்க.

---

அல்வாக்கடை

அண்ணாச்சி, நானும் பள்ளிக்கூடத்துல ஆடுனவன்தான். அதனால ஒரு உண்மையைச் சொல்லிட்டுப் போயிருதேன். கூடைப்பந்தைக் கண்டுபிடிச்சவரு எங்க ஊர்லதான் கோச்சா இருந்தாருன்னு அந்த ஊர்க்காரங்க தம்பட்டம் அடிப்பாங்க. ஜேம்ஸ் நேஸ்மித். அவரு கோச்சா இருந்து ஜெயிச்சது 55, தோத்தது 60. கன்சாஸ் ஆண்கள் அணி சரித்திரத்துல ஜெயிச்சதைவிடத் தோத்த கணக்கு கூட வச்சிருக்க ஒரே கோச் அந்த மனுசன்தான். கண்டுபிடிச்சவருக்கே வராத ஆட்டத்துக்கு இம்புட்டு அலப்பறை!

---

ஸ்காபரோக்காரன்

ஒரு சின்னத் திருத்தம். எல்லாரும் இதை அமெரிக்கக்காரர் கண்டுபிடிச்ச விளையாட்டு எண்டு நினைச்சுக்கொண்டு கதைக்கினம். நேஸ்மித் கனடாக்காரர். 1861இல ஒன்டாரியோவில ஆல்மான்ட் எண்ட சின்ன ஊருக்குக் கிட்டப் பிறந்தவர். சின்னனில அங்க ஒரு விளையாட்டு விளையாடினவையாம்: பெரிய கல்லுக்கு மேல ஒரு சின்னக் கல்லை வச்சு, தூர நிண்டு எறிஞ்சு விழுத்த வேணும். நேர எறிஞ்சால் கல்லு எங்கேயோ போயிடும், பிறகு ஓடிப் போய் எடுக்க வேணும். மெல்ல வளைச்சு மேல தூக்கிப் போட்டால்தான் வாய்ப்பு. கூடையை ஆளுக்கு மேல உயரத்தில கட்டின யோசனைக்கு அந்தக் கல்லெறிதான் மூலம் எண்டு அவரே எழுதி வச்சிருக்கிறார்.

அல்வாக்கடை அண்ணை, 60 தோல்வி உண்மைதான். ஆனால் அந்தாள் வெல்லுறதுக்கெண்டு அந்த விளையாட்டை உண்டாக்கேல்லை.

---

பழைய_பேப்பர்

ஸ்காபரோ நண்பர் சொல்வது சரி. அல்வாக்கடையாருக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில், குளிர்காலத்தில் வெளியே விளையாட முடியாமல் அடங்காமல் திரிந்த 18 மாணவர்களைச் சமாளிக்கத்தான் நேஸ்மித் இதை உருவாக்கினார். பீச் பழக்கூடை இரண்டு, பால்கனிக் கைப்பிடியில் ஆணி, பக்கத்துக்கு ஒன்பது பேர். முதல் ஆட்டத்தில் விழுந்தது மொத்தமே ஒரு கூடை. பிறகு டென்வருக்குப் போய் மருத்துவப் பட்டம் வாங்கினார். 1898இல் கன்சாஸ் பல்கலைக்கழகம் அவரை வேலைக்கு எடுத்தது. எதற்குத் தெரியுமா? உடற்பயிற்சி சொல்லித்தரவும், காலைப் பிரார்த்தனையை நடத்தவும். கூடைப்பந்துப் பயிற்சியாளர் என்று ஒரு பதவியே அன்று கிடையாது. 1899 பிப்ரவரி 3 அன்று கன்சாஸ் சிட்டி ஒய்.எம்.சி.ஏ. அணியுடன் முதல் ஆட்டம், 16-5 என்று தோல்வி. சில ஆட்டங்களில் அவரே நடுவராகவும் நின்றிருக்கிறார். சொந்த அணி ஆடும்போது விசிலோடு நிற்கிற மனிதரிடம் வெற்றிக் கணக்கு கேட்டு என்ன பயன்?

இப்போது அந்த 55-60ஐ ஒரு ஓரமாக வைத்துவிட்டு, அவர் கையில் வளர்ந்தவர்களைப் பாருங்கள். அவரிடம் ஆடியவர் ஃபாரஸ்ட் ஆலன். நடுவராக நின்று கத்தும் குரல் கப்பலின் மூடுபனிச் சங்கு மாதிரி இருந்ததால் 'ஃபாக்' ஆலன். தனக்குப் பயிற்சியாளர் வேலை வந்திருப்பதாக அவர் சொன்னபோது, கூடைப்பந்துக்குப் பயிற்சி தர முடியாது, அது சும்மா ஆடுவதற்கு மட்டுமே என்று நேஸ்மித் சிரித்தாராம். அதே ஆலன் கன்சாஸில் 39 பருவங்கள் இருந்து 590 ஆட்டங்கள் வென்றார்.

ஆலனிடம் ஆடியவர் அடால்ஃப் ரப். கென்டக்கிக்குப் போய் 876 வெற்றி. ஆலனிடம் ஆடிய இன்னொருவர் டீன் ஸ்மித், 1952 சாம்பியன் அணியில் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். வட கரோலினாவுக்குப் போய் 879 வெற்றி. ஸ்மித்திடம் ஆடியவர் லாரி பிரவுன், ஸ்மித்துக்கு உதவியாளராக இருந்தவர் ராய் வில்லியம்ஸ். இந்த இருவரும் அடுத்தடுத்துக் கன்சாஸுக்கே பயிற்சியாளராக வந்தார்கள்.

சங்கீதத்தில் யார் பாணி, யாருடைய சிஷ்யர் என்று விசாரிப்போமே, அப்படி விசாரித்தால் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் பாதிக் குடும்பம் இந்தக் கரட்டில் வந்து நிற்கும். மூல வித்வான் கச்சேரியில் சோபிக்கவில்லை, அவ்வளவுதான்.

---

அல்வாக்கடை

வித்வான் கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்களே என் பக்கம் சாட்சி சொல்லிட்டீயளே. அப்ப கட்டுனது ஆலன்தானே? நேஸ்மித் கோயிலுக்கு இடம் காட்டினாரு, கோபுரம் எழுப்பினது ஆலன். அரங்கத்துக்கு வச்சிருக்க பேரும் ஆலன்தான்.

---

மணியடிச்சான்

அரங்கத்துக்குப் பேரு ஆலன். உள்ளே இருக்கிற தரைக்குப் பேரு ஜேம்ஸ் நேஸ்மித் கோர்ட். வெளியே போற ரோடு நேஸ்மித் டிரைவ். ரோட்டோரம் நிக்கிற வெண்கலச் சிலை ஆலன். பாகப்பிரிவினை அங்கேயே சுமுகமா முடிஞ்சிடுச்சு அண்ணாச்சி, நாம இங்க சண்டை போட வேண்டாம்.

அந்த அரங்கம் கட்டின கதையைச் சொல்றேன் கேளுங்க. கொரியப் போர் நேரம், இரும்புக்குக் கட்டுப்பாடு. விளையாட்டு அரங்கத்துக்கெல்லாம் இரும்பு கிடைக்காது. உடனே, இது ராணுவத் தளவாடக் கூடமும் தான்னு காட்டுறதுக்காகத் துப்பாக்கி வைக்கிற அறைகளையும் வரைபடத்துல சேர்த்துட்டாங்க. இரும்பு வந்துருச்சு! நம்ம ஊர்ல மட்டும்தான் இந்த மாதிரி மூளை வேலை செய்யும்னு நினைச்சிட்டிருந்தேன்.

1955 மார்ச் 1 முதல் ஆட்டம், இன்னொரு பல்கலைக்கழகமான கன்சாஸ் ஸ்டேட்டை 77-67ன்னு ஜெயிச்சாங்க. அன்னிக்கு வந்த கூட்டம் 17 ஆயிரத்தைத் தாண்டுச்சு. நான் படிச்சப்ப 16,300 இருக்கை. வெளியிலேர்ந்து பார்த்தா சுண்ணாம்புக்கல் வச்சுக் கட்டின பெரிய குடோன் மாதிரிதான் இருக்கும், ஏமாந்துடாதீங்க. உள்ளே பெஞ்சு, மேலே ஜன்னல். சாயங்கால ஆட்டம்னா ஜன்னல் வழியா வெளிச்சம் சாய்வா விழும். 2017 பிப்ரவரில மேற்கு வர்ஜீனியாவோட ஆட்டத்துல கூட்டம் போட்ட சத்தத்தை அளந்தாங்க, 130.4 டெசிபெல், கின்னஸ்ல ஏறுச்சு. அதே ஆட்டத்துல கடைசி மூணு நிமிஷத்துக்குள்ள 14 புள்ளி பின்னால கிடந்து, இழுத்துப் பிடிச்சு ஓவர்டைம்ல ஜெயிச்சாங்க.

எதிரணி வீரர்களை அறிமுகப்படுத்துறப்ப மாணவர் கூட்டம் மொத்தமும் கல்லூரிப் பத்திரிகையை முகத்துக்கு நேரா விரிச்சுப் படிக்கிற மாதிரி நிக்கும். நீ யாரா இருந்தா எனக்கென்னன்னு அர்த்தம். அப்புறம் அதையே கிழிச்சு மேல தூவிடுவாங்க. கூட்டிப் பெருக்குறவரை நினைச்சா எனக்குத்தான் பாவமா இருக்கும்.

1988ல பசங்க விடுதிக் குளியலறைத் திரைத்துணிகளைச் சேர்த்து ஒரு பதாகை எழுதினாங்க: உள்ளே வர்றவங்களுக்கெல்லாம் எச்சரிக்கை, ஃபாக் இருக்காரு, ஜாக்கிரதைன்னு. மூடுபனிக்கும் அவர் பட்டப்பேருக்கும் ஒரே உச்சரிப்பு. முனீஸ்வரன் காவல் மாதிரி வடக்குச் சுவர்ல உச்சியில தொங்கும்.

---

கொல்லம்பாளையத்தான்

குடோன் உதாரணம் எனக்குப் புடிச்சிருக்குதுங்க, நமக்கு மஞ்சள் மண்டி வேலை. பையன் "ராக் சாக்"னு என்னமோ போன்ல பாடிக்கிட்டே இருக்கறான். அது என்னங்க?

---

பழைய_பேப்பர்

"ராக் சாக், ஜேஹாக், கே.யூ." 1886இல் வேதியியல் பேராசிரியர் ஈ.எச்.எஸ். பெய்லி அறிவியல் மன்றத்துக்காகப் போட்ட கோஷம். முதலில் 'ரா ரா' என்றுதான் இருந்தது. பிறகு அந்தக் கரட்டின் வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லை நினைத்து 'ராக் சாக்' என்று மாற்றினார்கள். இதைப் போர்முழக்கம் மாதிரி கத்துவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆட்டம் கைக்கு வந்துவிட்டது என்று உறுதியானபின், கடைசி ஒரு நிமிடத்தில், இழுத்து இழுத்து, ஏறக்குறைய தேவாலயத்தில் ஓதுவது போலச் சொல்வார்கள். எதிரணிக்கு அதைவிட நோகடிக்கும் சத்தம் கிடையாது.

கே.யூ. என்றால் கன்சாஸ் பல்கலைக்கழகம், ஜேஹாக் அதன் அணிகளின் பெயர். ஜேஹாக் என்று ஒரு பறவை உலகத்தில் இல்லை. அடிமை முறையை எதிர்த்த கன்சாஸ் படையினருக்கு வந்த பெயர் அது. லாரன்ஸ் ஊரே 1854இல் அடிமை முறை வேண்டாம் என்ற நியூ இங்கிலாந்துக்காரர்கள் வந்து குடியேறியது. 1863 ஆகஸ்ட் 21 விடியற்காலையில் மிசூரிப் பக்கமிருந்து குவான்ட்ரில் என்பவனின் படை புகுந்து ஏறக்குறைய 150 ஆண்களையும் சிறுவர்களையும் கொன்று ஊரைக் கொளுத்தியது. அந்தச் சாம்பல் ஆறி மூன்று வருடத்தில், 1866இல், கரட்டின் மேல் வகுப்பு தொடங்கிவிட்டது. முதல் சேர்க்கை 55 பேர், அதில் 26 பேர் பெண்கள். நீங்கள் போகும் வாரத்திலேயே அந்த 21ஆம் தேதி வருகிறது. கன்சாஸ்-மிசூரி ஆட்டத்தில் ஏன் இவ்வளவு உஷ்ணம் என்று பின்னால் பையன் கேட்டால் சொல்லிவையுங்கள்.

---

கருங்குயில்

அடிமை முறையை எதிர்த்த ஊர்னு பெருமையா எழுதியிருக்கீங்க. சரி. அதே வளாகத்துல 1933ல ஜான் மெக்லெண்டன்னு ஒரு கருப்பின மாணவர் சேர்ந்தார். உடற்கல்வி படிக்க வந்தவர். அப்பா அவரை நேரா நேஸ்மித்கிட்ட போய் நில்லுன்னு சொல்லி அனுப்பினாராம். நேஸ்மித் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆனா பல்கலைக்கழக அணியில ஆட முடியாது. அணி வெள்ளையருக்கு மட்டும். யாரோட காலத்துல? உங்க கோபுரம் எழுப்பின ஆலன் காலத்துல.

நீச்சல் குளத்துல அவர் இறங்கினதுக்காகத் தண்ணியையே வடிச்சு விட்டாங்க. அந்தப் பட்டத்துக்கு நீச்சல் கட்டாயம், ஆனா நீ நீந்த வேண்டாம், சும்மாவே மதிப்பெண் போட்டுத் தர்றோம்னு பேரம் பேசிப் பார்த்தாங்க. அவர் ஒத்துக்கலை. 1936ல பட்டம் வாங்கிட்டுத்தான் போனார்.

அப்புறம் வட கரோலினாவுல டர்ஹாம்ல கருப்பினக் கல்லூரிக்குப் பயிற்சியாளர் ஆனார். 1944 மார்ச்ல ஒரு ஞாயித்துக்கிழமை காலை, ஊரே தேவாலயத்துல இருக்கிற நேரம் பார்த்து, ட்யூக் மருத்துவக் கல்லூரியோட வெள்ளைக்கார அணி யாருக்கும் தெரியாம வந்தது. கதவைப் பூட்டிக்கிட்டு ஆடினாங்க. 88-44. ஜெயிச்சது மெக்லெண்டன் பசங்க. வெளியே தெரிஞ்சிருந்தா ரெண்டு பக்கமும் சிறைக்கோ அடி உதைக்கோ போயிருக்கணும். பின்னாடி டென்னசியில ஒரு கல்லூரியை 1957லிருந்து மூணு வருஷம் தொடர்ந்து தேசிய சாம்பியன் ஆக்கினார். நீங்க போட்ட குரு-சிஷ்யப் பட்டியல்ல ரப், ஸ்மித் எல்லாம் இருக்காங்க. இவரை ஏன் காணோம்?

---

பழைய_பேப்பர்

நியாயமான அடி. விட்டது என் தவறு. அது மட்டுமல்ல, நேஸ்மித்தின் நேரடி மாணவர் என்று பார்த்தால் ரப்புக்கும் ஸ்மித்துக்கும் முன்னால் வர வேண்டியவர் அவர்தான். கன்சாஸ் அணியில் முதல் கருப்பின வீரராக லவானஸ் ஸ்குயர்ஸ் இடம்பெற 1951 ஆனது.

---

அல்வாக்கடை

நான் நேஸ்மித்தை 60 தோத்தவருன்னு கிண்டல் பண்ணேன். அந்த விசயத்துல மட்டும் வாபஸ். அணியிலயே சேக்காத பையனுக்கு உக்காந்து பாடம் சொல்லிக் கொடுத்திருக்காரு. அந்தக் கணக்கை ஸ்கோர் போர்டுல போட முடியாதுல்லா.

---

கருங்குயில்

1955ல வில்ட் சேம்பர்லின் வந்தப்ப நிலைமை மாறத் தொடங்கியிருந்தது, முழுசா இல்லை. ஏழடி ஒரு அங்குலம் உயரம். லாரன்ஸ்ல கருப்பினத்தவருக்குச் சாப்பாடு போடாத கடைகள் அப்பவும் இருந்தது. இவர் பாட்டுக்கு உள்ளே போய் உட்கார்ந்திடுவார். இவ்வளவு பெரிய ஆட்டக்காரனை யார் எழுப்பி அனுப்புறது?

---

மணியடிச்சான்

வில்ட் பேரைச் சொன்னதும் 1957 வந்தே ஆகணும். முதல்ல ஒரு சோகம்: அவரை ஃபிலடெல்ஃபியாவிலிருந்து இழுத்துட்டு வந்தது ஆலன். ஆனா முதலாமாண்டு மாணவர் முதன்மை அணியில ஆடக்கூடாதுன்னு அன்னிக்கு விதி. அந்த ஒரு வருஷத்துக்குள்ள ஆலனுக்கு 70 வயசு ஆகிடுச்சு, கட்டாய ஓய்வு. வில்ட்டோட ஆட்டத்தை அவர் பயிற்சியாளரா இருந்து பார்க்கவே முடியலை. வில்ட் முதல் ஆட்டத்துலயே 52 புள்ளி, 31 ரீபவுண்டு (கூடையில விழாம திரும்புற பந்தைப் பிடிக்கிறது).

1957 இறுதி ஆட்டம் கன்சாஸ் சிட்டியில, வட கரோலினாவோட. அவங்க அந்த வருஷம் ஒரு ஆட்டம் கூடத் தோக்கலை. தொடக்கத்துல பந்தைத் தூக்கிப் போடுவாங்கல்ல, அதுக்கு வில்ட் எதிர்ல ஆறடிக்கும் குறைஞ்ச டாமி கெர்ன்ஸை நிறுத்தினார் அவங்க பயிற்சியாளர் ஃபிராங்க் மெக்வயர். எப்படியும் பந்து நமக்கு வராது, மனசையாவது கலைப்போம்னு. மூணு ஓவர்டைம். கடைசி ஆறு நொடியில ரெண்டு ஃப்ரீ த்ரோ. 54-53. கன்சாஸ் தோத்துப்போச்சு.

வில்ட் ஒரு வருஷம் கழிச்சு விட்டுட்டுப் போனவர், பல வருஷம் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலை. தன்னாலதான் போச்சுன்னு ஊர் பேசும்னு நினைப்பு. 1998 ஜனவரில 13ஆம் எண் சட்டையை அரங்கத்துல ஏத்துறதுக்குக் கூப்பிட்டாங்க. மாணவனா இருந்தப்ப போட்ட ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு வந்தார். அந்த ஒரு புள்ளித் தோல்வியைப் பத்தித்தான் பேசினார், பல்கலைக்கழகத்தை ஏமாத்திட்டதா நினைச்சேன்னு. கூட்டம் ராக் சாக் ஓதுச்சு. அடுத்த வருஷம் இறந்துட்டார்.

---

ஸ்காபரோக்காரன்

அந்த வீடியோ பாத்தனான். கண் கலங்கிப் போச்சு.

---

மணியடிச்சான்

மத்த கோப்பைகளைச் சுருக்கமா முடிச்சிடுறேன். 1952ல ஆலன் காலத்துல முதல் என்.சி.ஏ.ஏ. பட்டம் (தேசியக் கல்லூரி சாம்பியன் பட்டம்), க்ளைட் லவலெட்டைச் சுத்தி ஆடின அணி. 1988ல டேனி மேனிங் ஒத்தை ஆளா ஓக்லஹோமாவுக்கு எதிரா 31 புள்ளி, 18 ரீபவுண்டு. அந்த அணி வருஷம் பூரா 11 ஆட்டம் தோத்த அணி, அப்படி ஒரு சாம்பியன் முன்னயும் இல்லை, பின்னயும் இல்லை. 2008ல மெம்ஃபிஸோட, ரெண்டு நிமிஷம் பாக்கி, ஒன்பது புள்ளி பின்னால. 2.1 நொடி இருக்கறப்ப மாரியோ சால்மர்ஸ் போட்ட மூணு புள்ளி வீச்சு ஆட்டத்தைச் சமன் பண்ணுச்சு. ஓவர்டைம்ல 75-68ன்னு ஜெயிச்சாங்க.

2022 எனக்கு நேரடி அனுபவம். எதிரில யாரு? அதே வட கரோலினா. பாதி ஆட்டத்துல 40-25. ரூம்ல ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம், எவனும் எவன் முகத்தையும் பார்க்கலை. நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பிச்சுட்டேன். சாம்பார் பாத்திரம் அடி பிடிச்சிருந்தது, நல்லா ஞாபகம் இருக்கு. தேய்ச்சுக்கிட்டே இருக்கேன், உள்ளேர்ந்து ஒரு கத்தல், கொஞ்ச நேரத்துல இன்னொண்ணு. திரும்பி வந்து உட்காரப் போனா, "டேய், நீ அங்கயே நில்லுடா, நீ போனப்புறம்தான் ஏறுது"ன்னு விரட்டிட்டாங்க. கடைசி பத்து நிமிஷத்தை சமையலறை வாசல்ல சோப்புக் கையோட நின்னு பார்த்தேன். 72-69. இறுதி ஆட்டத்துல 16 புள்ளி பின்னாலேர்ந்து ஜெயிச்சது அதுதான் சாதனை. அப்புறம் ஊரே மாசசூசெட்ஸ் தெருவுல.

---

அல்வாக்கடை

எல்லாம் சரி, 2018ஐ மட்டும் தாவிட்டீயளே தம்பி? ஆட்டக்காரங்க குடும்பத்துக்குப் பணம் குடுத்த அடிடாஸ் விவகாரத்துல விசாரணை நடந்து, 2023ல 15 வெற்றியையும் 2018 கடைசி நாலு அணியில வந்ததையும் புத்தகத்துலேர்ந்து எடுத்துட்டாங்கல்லா. 2005லேர்ந்து 14 வருசம் தொடர்ந்து லீக் பட்டம்னு சொல்லுத பெருமையிலயும் கடைசி வருசம் அதுதான்.

---

மணியடிச்சான்

எடுத்தாங்க, மறைக்கலை. ஆனா ஒண்ணு சொல்லுங்க, ஆடினதை எப்படி அழிக்கிறது? நான் பார்த்தேன், டிக்கெட் வாங்கினேன், தொண்டை கட்டுச்சு. புத்தகத்துல இல்லைன்னா என் தொண்டையும் கட்டலையா?

---

அல்வாக்கடை

தொண்டை கட்டுனது உம்மது. பட்டம் அவங்களது. திருப்பிக் கேட்டா குடுக்கத்தான் வேணும்.

---

நெறியாளர்

இது ஊர் சுற்றிப் பார்க்கும் இழை. அடிடாஸ் வழக்குக்குத் தனி இழை தொடங்கிக்கொள்ளலாம். இழை தொடங்கியவர் ஊர் போய்ச் சேர்ந்தாரா என்று யாராவது கேளுங்களேன்.

---

கொல்லம்பாளையத்தான்

சேர்ந்தேனுங்க, பார்த்தும் முடிச்சாச்சு. நேத்து நாள் பூரா நடை. முட்டி வலிக்குது, உக்காந்து எழுதறேன்.

குதிரையைப் பார்த்தேன். கட்டடச் சுவருகளைத் தடவிப் பார்த்தேன், கல்லுக்குள்ள சிப்பி சிப்பியா இருக்குது. ஒரு காலத்துல கடலா இருந்த இடமாம். மஞ்சள் வேவாரிக்கு எதைப் பார்த்தாலும் விரல்ல தேய்ச்சுப் பார்க்கணும், பையன் தலையில அடிச்சுக்கிட்டான்.

அரங்கத்துக்குள்ள போனோம். கதவு தொறந்திருந்தது, காசு கேக்கலை. விளக்குப் பாதிதான் எரிஞ்சுது. ஒருத்தர் தரையை மெசினு வெச்சுத் துடைச்சுக்கிட்டு இருந்தாரு. அந்தப் பதாகை உசரத்துல தொங்குச்சு. ஆளில்லாத பெஞ்சு வரிசை வரிசையா. ஆட்டம் இல்லாத அரங்கத்துல என்ன இருக்குதுன்னு கேட்டேனுங்களே. சந்தை கலைஞ்சப்புறம் மண்டி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். சத்தம் போயிரும், வாசம் நிக்கும். இங்கயும் அப்படித்தான் இருந்துச்சு.

பக்கத்துக் கட்டடத்துல நேஸ்மித் கூடைப்பந்துக்கு எழுதுன விதிக் காகிதத்தை வெச்சிருக்கறாங்க, இங்க யாருமே சொல்லலையே? 1891ல டைப் அடிச்சது, ரெண்டே தாள், 13 விதி. பழைய மாணவர் டேவிட் பூத்துங்கறவரு 2010ல ஏலத்துல 43 லட்சம் டாலருக்கு எடுத்து இங்க கொண்டாந்து வெச்சிருக்கறாரு. தாள் பழுப்பேறிப் போயிருக்குது. ஜிம்முல பசங்க பார்த்துக் கத்துக்கறதுக்காக மாட்டி வெச்சதுன்னு கீழ கையில எழுதியிருக்குது. பையன் ஒவ்வொண்ணாப் படிச்சுச் சொன்னான். பந்தைப் புடிச்ச இடத்துலிருந்தே வீசணும், கையில வெச்சுக்கிட்டு ஓடக் கூடாது. தட்டிக்கிட்டு ஓடறதைப் பத்திப் பேச்சே இல்லை. ஒரு பக்கம் தொடர்ந்து மூணு தப்பு பண்ணினா எதிர்ப்பக்கத்துக்கு ஒரு கோல். பதினஞ்சு நிமிசம் ரெண்டு பாதி, நடுவுல அஞ்சு நிமிசம் ஓய்வு. எங்க சங்கத்து விதிமுறைப் புத்தகம் 40 பக்கம், அதுலயும் பாதிக்குத் தகராறு.

அந்தம்மா சொன்ன மெக்லெண்டனைப் பையனுக்குச் சொன்னேன். அவனுக்குத் தெரியலை. நீச்சல் குளத்துக் கதையைக் கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் பேசாம வந்தான்.

---

கருங்குயில்

சொன்னதுக்கு நன்றிங்கண்ணா.

---

மணியடிச்சான்

விதிக் காகிதத்தை விட்டது என் தப்புதான். நான் படிச்சப்ப அந்தப் பக்கம் காபிக்கு மட்டும்தான் போவேன். கோபுரத்துக்குப் போனீங்களா?

---

கொல்லம்பாளையத்தான்

போனோமுங்க, சாயங்காலம். கோபுரத்துக்குள்ள நடுவுல வாசல் மாதிரி வழி இருக்குது, அந்தப் பக்கம் சரிவு, கீழ மைதானம். நான் பாட்டுக்கு உள்ள போயிட்டேன். திரும்பிப் பார்த்தா பையனைக் காணோம். சுத்திக்கிட்டுப் புல்லுல நடந்து வர்றான். என்னடான்னா, பட்டம் வாங்கற அன்னிக்குத்தான் இதுக்குள்ள நடந்து கீழ எறங்கணுமாம், அதுக்கு முன்னாடி நடந்தா பட்டம் வாங்க முடியாதாம்.

ஈரோட்டுல பூனை குறுக்க போனா நிக்க மாட்டான் அவன். "இதெல்லாம் நம்பறயா"ன்னேன். "நம்பலை, ஆனா எதுக்கு வம்பு"ன்னான்.

அதுக்குள்ள மணி அடிக்க ஆரம்பிச்சிருச்சு.